பழைய டிராக்டருக்குப் புதிய வழிகாட்டி: ஒரகடம் புஞ்சையில் ஜிபிஎஸ் ஸ்டியரிங் சோதனை

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர், கண்ணாடி, செல்போன் எல்லாம் தயாராகின்றன. அந்தத் தொழிற்சாலைகளின் காம்பவுண்டுச் சுவருக்குப் பின்னால் இன்னும் உழவும் நடக்கிறது. ஏரியில் தண்ணீர் நின்றால் சம்பா, கிணறு கைகொடுத்தால் நவரை, சொர்ணவாரி. மேட்டுப் புஞ்சையில் வேர்க்கடலை, உளுந்து. நிலம் சிப்காட்டுக்குப் போனது போக மிஞ்சியதைப் பல வீடுகளில் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். குத்தகைக்கு எடுத்தவர் ஒரே டிராக்டரை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும் துண்டுகளை உழுகிறார். அவருக்கு வண்டி கிடைத்துவிடுகிறது, நேராகச் சால் பிடிக்கத் தெரிந்த டிரைவர்தான் கிடைப்பதில்லை.

இந்த இடத்தில்தான் ஜிபிஎஸ் ஸ்டியரிங்குக்கு வேலை இருக்கிறது. வானத்திலிருந்து வரும் சிக்னலை வைத்து டிராக்டர் எங்கே நிற்கிறது என்பதைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் கணக்கிட்டு, ஒரு மோட்டாரால் ஸ்டியரிங்கைத் திருப்பி, போட்ட கோட்டில் வண்டியை ஓட்டும் கருவி இது. புதிதாக வரும் பெரிய டிராக்டர்களில் கம்பெனியே பொருத்தித் தருகிறது. நமக்கு வேண்டியது வேறு. பதினைந்து, இருபது வருடம் வாடகைக்கு ஓடிக் களைத்த 40 குதிரைத்திறன் டிராக்டரில் இதை மாட்டினால் வேலை செய்யுமா, செலவுக்குத் தகுந்த பலன் உண்டா என்பதுதான் கேள்வி. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ஒரகடம் தாண்டி இருக்கும் ஒரு குத்தகைப் புஞ்சையிலும், பக்கத்து ஏரி ஆயக்கட்டில் ஒரு கழனியிலும் மாட்டி ஓட்டிப் பார்த்தோம்.

இந்தப் பகுதிக்கு இது முற்றிலும் புதிய விஷயமும் இல்லை. 2017 செப்டம்பரில் மஹிந்திரா நிறுவனம் டிரைவர் இல்லாமல் ஓடும் டிராக்டரை முதன்முதலில் காட்டியது செங்கல்பட்டை ஒட்டிய மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில், தன் ஆராய்ச்சி மையத்தில்தான். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் போனால் பக்கம். தானாக ஸ்டியரிங் பிடிப்பது, நிலத்தின் முனையில் தானாகத் திரும்புவது, கலப்பையைத் தூக்கி இறக்குவது, எல்லை தாண்டாமல் நிற்பது எல்லாம் அதில் இருந்தன. அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகள் ஆகியும் நம் கழனிகளில் அது சாதாரணக் காட்சியாகவில்லை. புது வண்டிக்காகக் காத்திருக்க முடியாதவர்கள் பழைய வண்டியிலேயே மாட்டிக்கொள்ள ஒரு வழி வேறு பக்கத்திலிருந்து வந்தது.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தைச் சேர்ந்த பிரையன் டிஷ்லர் என்ற விவசாயி 'ஆக்ஓப்பன்ஜிபிஎஸ்' என்ற மென்பொருளை எழுதி, மூல நிரலோடு இலவசமாக வெளியிட்டார். ஒரு விண்டோஸ் டேப்லெட், ஒரு ரிசீவர் போர்டு, விரல் நீளச் சர்க்யூட் போர்டு ஒன்று, ஒரு மோட்டார். இவ்வளவு இருந்தால் பெரிய கம்பெனிகள் விற்கும் தானியங்கி ஸ்டியரிங்கின் முக்கால்வாசி வேலையைச் செய்துவிடலாம். இதைச் சாத்தியமாக்கிய இன்னொன்று, சுவிட்சர்லாந்தின் யூ-பிளாக்ஸ் நிறுவனம் 2018-இல் அறிவித்த 'செட்-எஃப்9பி' என்ற ரிசீவர். ஜிபிஎஸ், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகிய நான்கு செயற்கைக்கோள் கூட்டங்களையும் இரண்டு அலைவரிசைகளில் கேட்கும். அதற்கு முன் சென்டிமீட்டர் துல்லியம் தரும் கருவிகளின் விலை பெரும்பாலும் லட்சங்களில் இருந்தது.

கனடா, அமெரிக்கா, ரஷ்ய சமவெளிகளில் இந்த மாதிரி கிட்டை அதிகம் மாட்டிக்கொள்பவர்களில் ஒரு வகையினர் நடுவில் மடங்கும் பழைய ராட்சத டிராக்டர்களை வைத்திருப்பவர்கள். ஸ்டைகர், வெர்சடைல், கிரோவெட்ஸ் போன்றவை. 1950-களின் இறுதியில் மினசோட்டாவில் ஸ்டைகர் சகோதரர்கள் தங்கள் பண்ணையிலேயே கட்டிய வண்டியிலிருந்து அந்த வரலாறு தொடங்குகிறது. அவற்றில் முன்சக்கரம் திரும்பாது. வண்டியின் இடுப்பில் ஒரு கீல் இருக்கும். இரண்டு ஹைட்ராலிக் சிலிண்டர்கள் அந்தக் கீலை மடக்க, முன்பாதியும் பின்பாதியும் எதிரெதிராகத் திரும்பும். இதில் ஒரு சிக்கல்: வண்டி நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கேபின் பக்கவாட்டில் நகரும், அதன் உச்சியில் இருக்கும் ஆன்டெனாவும் நகரும். வண்டி ஒரு அடிகூட முன்னால் போகாதபோதே இடம் மாறிவிட்டதாகக் கணக்கு எழும். அதனால் கோணம் அளக்கும் சென்சாரை அந்தக் கீலிலேயே மாட்டி, மென்பொருளில் வண்டி வகையை மாற்றிச் சொல்ல வேண்டும். ஆக்ஓப்பன்ஜிபிஎஸ்ஸில் சாதாரண டிராக்டர், அறுவடை இயந்திரம், நடுவில் மடங்கும் வண்டி என்று மூன்று வகையும் தேர்வில் உண்டு.

அந்த வண்டிகள் நம் கழனிக்கு வருவதில்லை. அவற்றின் திரும்பும் வட்டத்துக்கே நம் துண்டு நிலம் போதாது. ஆனால் நடுவில் மடங்கும் இயந்திரங்களை இந்த வட்டாரம் தினமும் பார்க்கிறது. சிப்காட் மனைகளில் மண் இறுக்கும் வைப்ரேட்டர் ரோலர், வீல் லோடர், மோட்டார் கிரேடர் எல்லாம் அந்த ஜாதிதான். அவற்றின் மெக்கானிக்குகள் இங்கேயே இருக்கிறார்கள். கீலில் சென்சார் மாட்டும் நுணுக்கம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எங்கள் டிராக்டரில் வேலை செய்தவரும் பகலில் ரோலர் பார்க்கிறவர்தான்.

எங்கள் வண்டி மாஸி ஃபெர்குசன் 241. மூன்று சிலிண்டர், 42 குதிரைத்திறன், பவர் ஸ்டியரிங். நீண்ட காலம் வாடகை உழவுக்கும் செங்கல் லோடுக்கும் ஓடியது. இந்தத் தேர்வில் பவர் ஸ்டியரிங் என்பது முக்கியம். சாதா ஸ்டியரிங் உள்ள வண்டியில், முன்னால் வெயிட் போட்டுப் பின்னால் கலப்பை இறங்கியிருக்கும்போது, இந்தச் சிறு மோட்டார் மூச்சுத் திணறும். பவர் ஸ்டியரிங் இல்லாத டிராக்டர் வைத்திருப்பவர் இந்தக் கிட்டுக்குச் செலவு செய்யும் முன் ஸ்டியரிங்கை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் திரையில் கோடு காட்டும் வழிகாட்டியோடு நின்றுகொள்ள வேண்டும்.

முதல் தடை ஸ்டியரிங் தண்டிலேயே வந்தது. பழைய ஸ்டியரிங் வீலைக் கழற்றிவிட்டு, நடுவில் மோட்டார் உள்ள புது வீலை அந்தத் தண்டின் மேல் உட்கார வைக்க வேண்டும். கிட்டோடு வந்த புஷ்கள் வெளிநாட்டு மாடல்களுக்கானவை. நம் தண்டின் பல் எண்ணிக்கைக்கும் விட்டத்துக்கும் ஒன்றும் பொருந்தவில்லை. வேறு ஊராக இருந்தால் இங்கேயே வேலை நின்றிருக்கும். இங்கே படப்பை பக்கம் ஒரு லேத் பட்டறையில், கார் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் இளைஞர் பழைய வீலின் நடுப்பகுதியை அறுத்தெடுத்து, அதன் பல்லை அப்படியே வைத்து, வெளியே ஒரு ஃபிளாஞ்ச் கடைந்து கொடுத்தார். டயல் கேஜ் வைத்து ஓட்டம் பார்த்துத்தான் கையில் தந்தார். ஆட்டம் இல்லாமல் உட்கார்ந்தது. ஒரு தொழிற்பகுதிக்குப் பக்கத்தில் விவசாயம் செய்வதில் இப்படி ஒரு கொடுப்பினை உண்டு, அதைப் போதுமான அளவு நாம் பயன்படுத்திக்கொள்வதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது சக்கரம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளக்கும் சென்சார். இந்த மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் பல நாடுகளில் இதற்குச் சொகுசுக் கார்களின் சஸ்பென்ஷன் உயரத்தை அளக்கும் சிறு சென்சாரைத்தான் மாட்டுகிறார்கள். உள்ளங்கையில் அடங்கும். ஒரு சிறு கை, அதில் ஒரு பால் ஜாயின்ட், அதிலிருந்து ஸ்டியரிங் ஆர்முக்கு ஒரு கம்பி. மாட்டுவது எளிது, எங்கே மாட்டுவது என்பதில்தான் வெற்றி தோல்வி. அச்சுக்குக் கீழே மாட்டினால் வைக்கோலும் சேறும் சுற்றி இழுத்துவிடும். அச்சுக்கு மேலே, கிங் பின்னுக்கு நேராக, தகட்டு மூடி போட்டு மாட்டியதும்தான் அளவு நிலையாக வந்தது.

ஆனால் எல்லாவற்றையும் விட அதிக நேரம் தின்றது முன்னச்சின் 'பிளே'. வாடகைக்கு ஓடிய வண்டியில் டை ராடு முனை, கிங் பின் புஷ், ஸ்டியரிங் பெட்டி என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்மானம் சேர்ந்திருக்கும். மனிதன் ஓட்டும்போது கை அதற்குப் பழகிவிடும். மோட்டாருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. வீல் திரும்பும், சக்கரம் திரும்பாது. மென்பொருள் இன்னும் கொஞ்சம் திருப்பச் சொல்லும். திடீரென்று சக்கரம் தேவைக்கு அதிகமாகத் திரும்பிவிடும். உடனே எதிர்ப்பக்கம் இழுக்கும். விளைவு, நேர்க்கோட்டில் போக வேண்டிய வண்டி பாம்பு மாதிரி நெளிந்து போகும். திரையில் உள்ள எண்களை எவ்வளவு மாற்றினாலும் இது சரியாகாது. டை ராடு முனைகளையும் புஷ்களையும் மாற்றிய பிறகே வண்டி அடங்கியது. அந்த உதிரிகளின் விலை, கிட்டின் விலையோடு ஒப்பிட்டால் அற்பம்.

ஆன்டெனாவை டாப்பின் நடுவில், ஒரு இரும்புத் தகட்டின் மேல் வைத்தோம். தரையிலிருந்து 2.3 மீட்டர் உயரம். இவ்வளவு உயரத்தில் ஆன்டெனா இருக்கும்போது, ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி வண்டி 4 டிகிரி சாய்ந்தால் ஆன்டெனா 16 சென்டிமீட்டர் பக்கவாட்டில் போய்விடும். வண்டியின் அடி நகரவில்லை, உச்சிதான் நகர்ந்தது. இதைத் திருத்துவதற்காகவே சாய்வு அளக்கும் சிறு சென்சார் ஒன்று போர்டில் இருக்கிறது. மேடு பள்ளமான புஞ்சையில் அதை அணைத்துவிட்டும் போட்டும் ஓட்டினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது. சென்சாரை எஞ்சின் அதிர்வு படாத இடத்தில், ஃபுட்போர்டுக்கு அடியில் இல்லாமல் டாப் சட்டத்தில், இறுக்கமாகத் திருகுங்கள். ரப்பர் வைத்துத் தொங்கவிட்டால் அது தனியாக ஆடிக்கொண்டிருக்கும்.

மின்சாரத்தில் ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் நொடியில் பேட்டரி வோல்டேஜ் சரிந்து டேப்லெட்டும் போர்டும் அணைந்து மறுபடி எழும். நடுவில் ஒரு டிசி கன்வெர்ட்டர் போட்டால் தீரும். மோட்டாருக்குத் தனி ஃபியூஸ், தனி ஒயர், கைக்கு எட்டும் இடத்தில் சிவப்பு ஸ்விட்ச். இந்த ஸ்விட்சை யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இனி நிலத்தில். வேலை நடப்பது இப்படி: நிலத்தின் ஒரு ஓரத்தில் நின்று ஏ புள்ளியைக் குறிக்கிறோம், மறு ஓரம் வரை கையால் ஓட்டிப் போய் பி புள்ளியைக் குறிக்கிறோம். கருவியின் அகலத்தைச் சொல்லிவிட்டால் அந்தக் கோட்டுக்கு இணையாக எத்தனை கோடு வேண்டுமானாலும் திரையில் வந்துவிடும். வண்டியைக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் பொத்தானை அழுத்தினால் ஸ்டியரிங் தானே பிடித்துக்கொள்ளும். நிலத்தின் முனையில் நாம் திருப்பிக்கொண்டு வர வேண்டும். தானாகத் திரும்பும் வசதி மென்பொருளில் இருந்தாலும் நம் வரப்புகளுக்கு இடையில் அதற்குத் தேவையான இடம் இல்லை.

வண்டியைக் கோட்டில் கொண்டுவர இரண்டு கணக்குமுறைகள் உண்டு. முன்னால் சில மீட்டர் தள்ளி ஒரு புள்ளியை வைத்து அதைத் துரத்துவது ஒன்று. முன்னச்சு கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்துத் திருத்துவது இன்னொன்று. இரண்டாவதுக்கு 'ஸ்டான்லி' என்று பெயர். 2005-இல் அமெரிக்கப் பாலைவனத்தில் நடந்த டிரைவர் இல்லாக் கார் போட்டியில் வென்ற ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் காரின் பெயர் அது. எங்கள் பழைய வண்டிக்கு முதல் முறையே ஒத்துவந்தது. துரத்தும் புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் தேய்மானத்தை அது மன்னித்துவிடுகிறது.

வேர்க்கடலை விதைப்பில்தான் கருவியின் மதிப்பு தெரிந்தது. ஆறு வரி விதைப்புக் கருவி, வரிசைக்கு 30 சென்டிமீட்டர். ஒரு ஓட்டத்துக்குள் ஆறு வரியும் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். ஒரு ஓட்டத்தின் கடைசி வரிக்கும் அடுத்த ஓட்டத்தின் முதல் வரிக்கும் இடையில்தான் பிசகும். அங்கே இடைவெளி சில இடத்தில் ஒரு சாண், சில இடத்தில் ஒரு முழம் என்று போனால், பிறகு களை எடுக்கும் கருவியை விட முடியாது, செடியை வெட்டிவிடும். காய்ந்த, சமமான புஞ்சையில் அந்த இடைவெளியை டேப் பிடித்து அளந்தபோது விலகல் நாலு விரல் அகலத்துக்குள் நின்றது. எந்த டிரைவரும் பகல் முழுக்க இதைக் கையால் செய்ய முடியாது.

அதிலும் முதலில் ஒரு கோணல் இருந்தது. டிராக்டரின் டயர்த் தடம் நேராக இருக்க, விதை வரி மட்டும் அலைந்தது. செக் செயின் தளர்ந்து கருவி பின்னால் ஆடியதுதான் காரணம். செயினை இறுக்கியதும் சரியானது. செயற்கைக்கோள் டிராக்டரைத்தான் பார்க்கிறது, பின்னால் தொங்குவதை அது பார்ப்பதில்லை.

வண்டியின் வழக்கமான டிரைவர் அறுபதைத் தாண்டியவர். சிறு வயதில் மாட்டு ஏர் ஓட்டியவர். ஸ்டியரிங் தானாக நகர்வதைக் கைகட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "கோடு நல்லா புடிக்குது தம்பி. ஆனா சேத்துல இறக்கிப் பாரு, அப்ப சொல்றேன்" என்றார்.

அவர் சொன்னது நடந்தது. ஏரிப் பாசனக் கழனியில் கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு ஓட்டும்போது முன்சக்கரம் மிதக்கிறது. சக்கரத்தைத் திருப்பினாலும் வண்டி நேரே வழுக்கிக்கொண்டு போகும். அனுபவமுள்ள டிரைவர் அங்கே ஸ்டியரிங்கை நம்புவதில்லை. இடது பிரேக், வலது பிரேக் என்று தனித்தனியே மிதித்துத்தான் வண்டியைத் திருப்புகிறார். கிட்டுக்குப் பிரேக் மிதிக்கத் தெரியாது. கோட்டை விட்டு விலக விலக ஸ்டியரிங்கைக் கடைசி வரை திருப்பிக்கொண்டே இருந்தது, வண்டி அதன் போக்கில் போனது. கொஞ்ச நேரத்தில் அணைத்துவிட்டுப் பெரியவரிடம் வண்டியைக் கொடுத்தோம். சேற்றுழவுக்கு இந்தக் கருவி வேண்டாம். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. நெல் மட்டும் பயிரிடுபவர் இதற்காகக் கடன் வாங்கவே கூடாது.

துல்லியம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வெறும் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகும். இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து விமானங்களுக்காக அமைத்த ககன் சேவையின் திருத்தத்தை இந்த ரிசீவர் இலவசமாகவே வாங்கிக்கொள்ளும். பிழை ஒன்றிரண்டு மீட்டராகக் குறையும். எரு இறைப்பதற்கும், எங்கே ஓட்டினோம் என்று படம் வரைவதற்கும் அது போதும். விதைப்புக்குப் போதாது. அதற்கு, இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு நிலையத்தில் இன்னொரு ரிசீவர் இருந்து, அந்த நொடியின் பிழையைக் கணக்கிட்டு இன்டர்நெட் வழியாக அனுப்ப வேண்டும். அப்போது ரிசீவரின் பிழை 1 சென்டிமீட்டர், கூடவே அந்த நிலையத்திலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 1 மில்லிமீட்டர் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். பத்து கிலோமீட்டருக்குள் ஒரு நிலையம் இருந்தால் விவசாயத்துக்குத் தாராளம்.

நாங்கள் ஒரு மாடி வீட்டின் தண்ணீர்த் தொட்டி மேல் சொந்தமாக நிலையம் வைத்தோம். சுற்றிலும் வானம் திறந்திருக்க வேண்டும், ஆன்டெனா ஆடக் கூடாது, வைத்த இடத்தை மாற்றவே கூடாது. மாற்றினால் சென்ற பருவத்தில் போட்ட கோடுகள் எல்லாம் இடம் மாறிவிடும். தொழிற்சாலைகளின் புண்ணியத்தில் இந்தப் பகுதியில் செல்போன் டேட்டா நன்றாகவே கிடைக்கிறது, திருத்தம் தடையில்லாமல் வந்தது. தகட்டுக் கூரைக் கிடங்கை ஒட்டிய நிலத்தில் மட்டும் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து குழப்பியது. தென்னந்தோப்பு ஓரத்திலும் அப்படித்தான்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று வானத்தில் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடி வழியாகப் போகிறது. 1963-இல் முதல் ராக்கெட் ஏவிய தும்பாவைத் தளமாகத் தேர்ந்ததற்கும் அதுதான் காரணம். காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் மறைந்த பிறகு மேல் வளிமண்டலத்தின் மின்னேற்ற அடுக்கு குமிழ் குமிழாகக் கலங்கும். அதன் வழியே வரும் செயற்கைக்கோள் சிக்னல் நடுங்கும். இரவும் பகலும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டியும், சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளிலும் இது அதிகம். கனடாவிலும் ஜெர்மனியிலும் கருவியை மெச்சுகிறவர்களுக்கு நம்முடைய இந்த மாலைக் கலக்கம் பழக்கமில்லை. நமக்கோ சம்பாவுக்கு முந்தைய உழவும் வாடகை வண்டிகளின் இரவு ஓட்டமும் அந்த மாதங்களில்தான். பகலில் கல்லாக நின்ற சிக்னல் இரவு எட்டு மணி வாக்கில் திடீரென்று துல்லியம் இழப்பதை நாங்களும் பார்த்தோம். நான்கு செயற்கைக்கோள் கூட்டங்களையும் இயக்கத்தில் வைத்திருந்தால் பாதிப்பு குறைகிறது, முழுதாகப் போவதில்லை. துல்லியம் இழந்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிடும்படி மென்பொருளில் அமைத்துக்கொள்ளுங்கள். முன்னிரவில் விதைப்பு வேண்டாம்.

டேப்லெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. டாப் நிழல் இருந்தாலும் உச்சி வெயிலில் திரை கண்ணுக்குத் தெரியவில்லை. சித்திரை வெயிலில் டேப்லெட் சூடாகித் தடுமாறியது. பழைய அலுவலக டேப்லெட்டை மலிவாக வாங்கி ஒப்பேற்றலாம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். மென்பொருளின் திரையும் எழுத்தும் தமிழில் இருந்தால் பெரியவர்களும் பழகிக்கொள்வார்கள். மூல நிரல் திறந்தே கிடப்பதால் யாராவது ஒரு பொறியியல் கல்லூரி மாணவர் குழு எடுத்துச் செய்தால் பெரிய உபகாரம்.

சரி, மிச்சம் எவ்வளவு? வெறும் உழவை எடுத்துக்கொள்வோம். ஒன்பது கொத்துக் கலப்பையின் அகலம் சுமார் 2 மீட்டர். ஓட்டிய இடத்தின் மேலேயே டிரைவர் ஒவ்வொரு முறையும் 20 சென்டிமீட்டர் ஏறி ஓட்டுகிறார் என்று வையுங்கள். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஏறாமல் ஓட்டினால் 2,023 மீட்டர் தூரம், ஏறி ஓட்டினால் 2,248 மீட்டர். வித்தியாசம் 225 மீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. ஒரு ஏக்கருக்கு மூன்று நிமிட டீசல்! இதற்காக யாரும் கிட் வாங்க முடியாது. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்குக் கீழே. தனி விவசாயிக்குக் கணக்கு இடிக்கிறது என்பது தெளிவு.

கணக்கு வேறு இடத்தில் நேராகிறது. வாடகைக்கு ஓட்டுபவர், பல குத்தகை நிலங்களை ஒன்றாகப் பார்ப்பவர், வரிசை விதைப்பும் இடையுழவும் செய்பவர், மருந்து அடிக்கும் அகலமான பூம் வைத்திருப்பவர். இவர்களுக்கு டீசலைவிட விதை, மருந்து, களைக்கூலி ஆகியவற்றில் மிச்சம் அதிகம். விதைப்பில் போட்ட அதே கோட்டில் களைக்கருவி மறுபடி ஓடும். புதிதாக வந்த பையனும் முதல் வாரத்திலேயே பெரியவரைப் போல நேராக ஓட்டுவான். இந்த வட்டாரத்தில் எனக்கு மிகப் பெரிய லாபமாகத் தெரிவது இந்தக் கடைசி விஷயம்தான்.

பாதுகாப்பில் சமரசமே கூடாது. கிட் வண்டியை ஓட்டாது, ஸ்டியரிங்கை மட்டும் பிடிக்கும். வரப்பு, கிணறு, மின்கம்பம், குறுக்கே வரும் ஆடு மாடு எதுவும் அதற்குத் தெரியாது. ஓடும் வண்டியிலிருந்து இறங்குவது, மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைப்பது இரண்டும் இதோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. சீட்டில் ஆள் இல்லையென்றால் மோட்டார் அணைந்துவிடும் ஸ்விட்ச் ஒன்றைப் போடுங்கள். கையால் வீலை இறுக்கிப் பிடித்தால் மோட்டார் விட்டுவிடுகிறதா என்று தினமும் காலையில் சோதியுங்கள். ரோட்டில் ஏறும் முன் சிவப்பு ஸ்விட்சை அணைத்துவிடுங்கள்.

என் தீர்ப்பு இது. பவர் ஸ்டியரிங்கோடு, முன்னச்சு இறுக்கமாக உள்ள பழைய டிராக்டரை வைத்துக்கொண்டு, புஞ்சையில் வரிசைப் பயிர் செய்பவருக்கும் வாடகைக்கு ஓட்டுபவருக்கும் இது வாங்கத் தகுந்த கருவி. ஆயத்தக் கிட்டுக்கு லட்சங்கள் ஆகும். திறந்த மென்பொருளில் நீங்களே கூட்டிக்கொண்டால் அதில் ஒரு பங்குதான், ஆனால் பட்டறையில் பொறுமையாக நிற்க வேண்டும். நெற்கழனிக்கு வேண்டாம். இரண்டு ஏக்கர்காரர் தனியாக வாங்க வேண்டாம்.

அரசிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. சர்வே ஆஃப் இந்தியா நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையான திருத்த நிலையங்களை அமைத்திருக்கிறது. 2021 பிப்ரவரியில் வந்த புதிய வழிகாட்டுதல்கள் இந்தியர்கள் அவற்றைப் பயன்படுத்தத் தடையில்லை என்று சொல்லிவிட்டன. ஆனால் நில அளவைக்காக அமைத்த சேவையில் ஒரு டிராக்டர்காரர் தானாகப் பதிவு செய்து, அமைத்து, பயன்படுத்துவது எளிதில்லை. வேளாண் பொறியியல் துறை உழவன் செயலியில் இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. அதே செயலியில், ஒரு செல்போன் எண்ணைக் கொடுத்தால் அந்தப் பகுதித் திருத்தமும் விவசாயிக்குக் கிடைக்கும்படி இரண்டு துறைகளும் சேர்ந்து செய்து கொடுக்கட்டும். ஊருக்கு ஊர் தண்ணீர்த் தொட்டியில் ஆளாளுக்கு ஒரு நிலையம் வைக்கும் செலவு அதோடு தீரும்.

வாங்க நினைப்பவர்கள் ரிசீவர் விலையை விசாரிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். முன்னச்சை ஜாக்கியில் தூக்கி, இரண்டு சக்கரத்தையும் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் முதலில் டை ராடும் புஷ்ஷும் மாற்றுங்கள். அதற்குப் பிறகு முதல் பருவம் திரையில் கோடு காட்டும் வழிகாட்டியை மட்டும் வைத்துக் கையால் ஓட்டிப் பாருங்கள். அது பிடித்துப்போனால் அடுத்த பருவத்துக்கு மோட்டார் வாங்குங்கள்.